உது

"துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?"
லிங்கராஜபுரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
பிளேவியன் முதலில் கேட்டது அதைத்தான்.
இல்லை என்றேன்.
"அப்புறம் எதுக்கு பாயிண்டர்?"

ஹெசரகட்டா புல்வெளியில்
கௌதாரி எண்ணும் வேலை எனக்கு.
வன இலாகா கடிதம், ஒரு நோட்டு, ரப்பர் வைத்த பென்சில்.
ஆடியில் வந்த காய்ச்சல்
இடது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
இன்னொன்று போதும் என்றார் டாக்டர்.
போதும்தான்.
குக்கர் விசில் கேட்கிறது,
பக்கத்து ஃபிளாட்டின் சண்டை கேட்கிறது,
கௌதாரியும் கேட்கிறது.
எங்கே என்று மட்டும் தெரியவில்லை.
ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
விடியலில் புல் நடுவே நின்று
அது கத்தக் கத்த
என்னை நானே சுற்றி வருகிறேன்.

இதைச் சொன்னதும்
ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இங்கிலீஷ் பாயிண்டர். ராஜா மூக்கு.
ஆனா ஓடும். ஹெசரகட்டாவில விட்டா
தொட்டபள்ளாபூர்ல போய் நின்னு காட்டும்."
"செட்டர் அழகு. தினம் சாயங்காலம்
ரெண்டு மணி நேரம் ஒட்டுப்புல் பிடுங்கணும், சம்மதமா?"
"விஸ்லா உங்க முழங்காலை விட்டு நகராது.
பறவை உங்க முழங்கால்ல இருந்தா வசதி."
பிரிட்டனியின் விலையைச் சொன்னார்.
வலது காதிலும் விழாதது போல் இருந்தேன்.
"ஜெர்மன் ஷார்ட்ஹேர். காட்டவும் செய்யும்,
எடுத்துட்டும் வரும்."
எடுத்து வந்தால்
அதை என் நோட்டில்
எந்தப் பத்தியில் எழுதுவது?

சுட்டு நாய் என்று
மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
சுட்டு என்றால் காட்டு.
சுட்டு என்றால் சுட்டு முடித்த பிறகு.
ஒரே சொல்லில் விரலும் வெடியும்.

அல்சூர் பள்ளிக்கூடத்தில்
அ, இ, உ மூன்றும் சுட்டு என்று படித்தோம்.
அது தூரத்தில். இது பக்கத்தில்.
உது நடுவில்.
இங்கே யாரும் பேசுவதில்லை என்று
டீச்சர் அந்த நடுவைத் தாண்டிப் போய்விட்டார்.
புல்லுக்குள் இருக்கும் பறவை
அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

தூண்டில் கழியில் காடை இறகு கட்டி
குட்டிகள் முன்னால் ஆட்டினார்.
எல்லாம் உறைந்து நின்றன.
"இது சோதனையே இல்லைங்க. இறகைக் காட்டினா
எந்தக் குட்டியும் நிக்கும். கண்ணால நிக்குது.
மூக்கால நிக்கணும்."

ஒன்று இறகைப் பார்க்கவில்லை.
காதில் மட்டும் ஈரல் நிறம் சிந்திய பெட்டை.
முன்கால் ஒன்றை மடித்து, வாலை நீட்டி,
என் இடப்பக்கத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது.
திரும்பினேன்.
அவர் மகள் ஷெரின், காபி டம்ளரோடு.
"மூணு தடவை கூப்பிட்டேன் ஆன்ட்டி. ஆறிப் போச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது.
"ஒண்ணும் இல்லைங்க," என்றார் பிளேவியன்,
"அவ இன்னொரு கையில பிஸ்கட் இருக்கு."

என்ன இனம் என்று கேட்டேன்.
தொட்டபள்ளாபூர் வரை ஓடுகிற இனம்தான்.
முப்பதடிக் கயிறும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தை. பாத்ரூம் கண்ணாடி மாதிரி பனி.
கயிறு என் கையில் தளர்ந்தது.
உது நின்றது.
பாதம் மடிந்து, வால் நீண்டு,
மூக்குக்கு முன்னால் ஒரு புல் நுனி மட்டும் ஆடியது.
விர்ரென்று எழுந்தன.
இரண்டு.
நோட்டில் இரண்டு கோடு போட்டேன்.

உது அசையவில்லை.
தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது.
அதன் தாய்க்கு முன்னால், தாயின் தாய்க்கு எத்தனையோ முன்னால்
இந்த இடத்தில் ஒரு சத்தம் வந்திருக்கும்.
வரவில்லை.
தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று
ஒரு காதைத் தூக்கியது.
பிறகு மற்றதை.

அந்த முகம் எனக்குத் தெரியும்.
ஆடி முழுக்கக் கண்ணாடியில் பார்த்தது.

ஈரப் புல்லில் மண்டியிட்டு
அதன் முதுகில் கை வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
மடித்த காலைக் கீழே வைத்தது.